புதன்கிழமைக் கட்டம்

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் பகலெல்லாம்
கப்பலில் பெட்டி அடுக்கத் திட்டம் போடுகிறவள் நான்.
எது கனம், எது முதலில் இறங்கும்,
எதன்மேல் எதை வைக்கக் கூடாது.
அதனால்தான் குடும்பம் என் தலையில் கட்டியது
உம்பிரியா மலைச்சரிவில் ஒரு வீட்டை:
ஒன்பது பேர், எட்டுப் படுக்கை, ஏழு நாள்.

செங்காங் வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் பாதி தின்ற கறிபஃப்.
டெக்கோங் தீவின் ராணுவ முகாமிலிருந்து யுகன் கேட்கிறான்,
நீச்சல்குளம் இருக்கா?
இருக்கிறது.
வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள்:
வைஃபை சமையலறை ஜன்னலோரம் மட்டும்,
தண்ணீர் கிணற்றிலிருந்து,
இரவில் காட்டுப்பன்றி வந்தால் பயப்பட வேண்டாம்.
"சமைக்கலாமா அதை?" என்ற அத்தானுக்கு
யாரும் பதில் சொல்லவில்லை.

திங்கள் அசிசி. செவ்வாய் ஒர்வியேட்டோ,
பாறைமேல் ஊர், பாறைக்குள் குகை.
புதன் சியெனா, போக வர நான்கு மணி நேரம்.
வியாழன் கடல் பார்க்கணும் என்றாள் தமயந்தி அக்கா.
ஈஸ்ட் கோஸ்ட்டில் பார்க்காத கடலா?
அது கப்பல் நிறுத்துற இடம்டி, என்றாள்.
அண்ணி ஹுய் சியென்
ரைஸ் குக்கருக்குத் தனியாக ஒரு வரி கேட்டாள். போட்டேன்.

மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை
கடையெல்லாம் மூடிவிடுவார்களாம்.
மூன்று மணிக்குப் பசித்தால்?
இந்தத் தீவில் பிறந்த ஒருவருக்கும்
விடை தெரியவில்லை.

வாடகை வேன் மேனுவல்.
எங்கள் எல்லோரிடமும் ஆட்டோ உரிமம்.
கிளட்சை மிதிக்கத் தெரிந்த ஒரே கால்
குணசீலன் அண்ணனுடையது,
இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய கால்.
அங்கே வலப்பக்கம் போகணும் என்று கேட்ட நாள் முதல்
டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறார்,
எவர்சில்வர் தட்டுதான் ஸ்டியரிங்,
வலக்கை காற்றில் கியர் மாற்றுகிறது.
"ரவுண்டபவுட்டு... இடப்பக்கம் பாரு..."
பின்னால் நின்று பிள்ளைகள் பெல் அடிக்கிறார்கள்.
அவரும் ஓரங்கட்டி நிறுத்துகிறார்.

பழைய ஊர்களுக்குள் வண்டி போகக் கூடாதாம்,
கேமரா பார்க்குமாம்.
நம்ம ஈஆர்பி மாதிரி, என்றேன்.
"ஈஆர்பி அப்பவே பீப்புன்னு சொல்லிடும் தங்கச்சி.
அங்க ஆறு மாசம் கழிச்சுல்ல கடுதாசி வருமாம்."

ஓட்டுநர் என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன்.
முதல் கட்டத்தில் குணா என்று அடித்துக்
கீழே இழுத்தேன்.
ஏழு குணா, ஒன்றன்கீழ் ஒன்றாக,
பேருந்து வரிசைபோல் நின்றார்கள்.
எட்டுப் பேரிடம் கேட்டிருந்தேன்
எங்கே போகணும் என்று.

இரவுப் பணி முடித்துச் சீருடையோடு வந்தார்.
ஸ்டியரிங்கில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்,
"அண்ணே, உங்களுக்கு எங்கே?"
ரசத்தை ஊற்றினார். பிசைந்தார்.
"அந்த வீட்டுக்கு முன்னால
வெள்ளையா ஒரு மண்ரோடு போட்டோல இருக்கே,
அதுல பஸ் வருமா?"
"வராது."
"அப்ப நடுவுல நிக்கலாம்."

சியெனாவை அழித்தேன்.
அக்கா மூன்று நாள் பேசவில்லை;
நான்காம் நாள் குரல்செய்தி வந்தது, ஏழு நிமிடம்,
இரண்டு நிமிடத்துக்குமேல் கேட்கவில்லை நான்.
முன்பணம் கட்டியாகிவிட்டது.
யுகனுக்கு விடுப்புக் கிடைக்குமா தெரியாது.
கிடைக்காவிட்டால் படுக்கைக் கணக்கு சரியாக வரும்;
அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

புதன்கிழமைக் கட்டத்தில் இப்போது
இவ்வளவுதான் எழுதியிருக்கிறது:
வேன் சாவி, வாசல் ஆணியில்.